ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நூறு கிலோமீட்டர்: ஹாங்காங்கின் மெக்லிஹோஸ் பாதை

ஹாங்காங் என்றதும் அடுக்குமாடிகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் நிலப்பரப்பில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் பாதுகாக்கப்பட்ட மலையும் காடும். அந்த மலைகளைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடக்கிறது மெக்லிஹோஸ் பாதை. 1979 அக்டோபரில் திறக்கப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயர் கொண்டது. மொத்தம் 100 கி.மீ., பத்துப் பகுதிகள். இதை ஒரே மூச்சில் ஓடி முடிப்பவர்கள் நிறைய உண்டு. பாதையை அறியாமல் அப்படி இறங்குவது நல்லதல்ல என்பதே எங்கள் கருத்து. பாதி மலை இருட்டில் போய்விடும், முழங்காலும் போய்விடும். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் ஐந்து ஞாயிறு ஒதுக்கி, நாளுக்கு இரண்டு பகுதி என்று ஓடினால் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம்.

பிரிப்பது இப்படி: 1, 2 பகுதிகள் சேர்த்து 24.1 கி.மீ.; 3, 4 சேர்த்து 22.9; 5, 6 சேர்த்து 15.2; 7, 8 சேர்த்து 15.9; 9, 10 சேர்த்து 21.9. தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்கிடக் கூடாது. நூறு மீட்டர் ஏற்றத்தைச் சமதளத்தில் ஒரு கிலோமீட்டருக்குச் சமமாக வைத்துக்கொண்டால் கணக்கு ஓரளவு சரியாக வரும். குளிர்காலத்தில் மாலை ஆறு மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். காலை எட்டு மணிக்குள் தொடங்கினாலும் தலைவிளக்கு பையில் இருக்கட்டும்.

ஓடத் தொடங்கும் முன் பாதையோரத் தூண்களைப் புரிந்துகொள்ள வேண்டும். 500 மீட்டருக்கு ஒன்று நிற்கும். M000-இல் தொடங்கி M200-இல் முடியும். எண்ணை இரண்டால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் வந்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும். தூணில் வரைபடக் கட்டக் குறியீடும் இருக்கும். கணுக்கால் பிசகி அவசர உதவி எண் 999-ஐ அழைக்க நேர்ந்தால் தூணின் எண்ணைச் சொன்னால் போதும், மீட்புக் குழு நேராக வந்துவிடும். கடந்துபோகும் ஒவ்வொரு தூணின் எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் ஓடியும் அடுத்த தூண் வரவில்லை என்றால் வழி தவறியிருக்கிறீர்கள். பழைய தூணுக்குத் திரும்பி வருவதே சரி. கிழக்குக் கடலோரத்தில் சில இடங்களில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது, சில இடங்களில் அது சீனப் பெருநிலத்து நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி, ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

முதல் நாள், பாக் தாம் சுங். டைமண்ட் ஹில் ரயில் நிலையத்திலிருந்து ஞாயிறு, விடுமுறை நாட்களில் 96R பேருந்து. மற்ற நாட்களில் சாய் குங் ஊரிலிருந்து 94. இரண்டுக்கும் ஹாங்காங்கின் பயண அட்டையான ஆக்டோபஸ் கார்டு போதும். அங்கே தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். முதல் பகுதி பெரும்பாலும் ஹை ஐலண்ட் நீர்த்தேக்கத்தைச் சுற்றிவரும் தார்ச்சாலை. தனியார் கார்களுக்கு அனுமதி இல்லாததால் அமைதியாக இருக்கும், ஆனால் நிழல் குறைவு. சாலை சீராக இருக்கிறதே என்று இங்கே வேகம் எடுப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. கிழக்கு அணையில் நின்று அறுகோண எரிமலைப் பாறைத் தூண்களைப் பாருங்கள். ஹாங்காங்கில் இவ்வளவு அருகில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது. அதைத் தாண்டி லாங் கெ கடற்கரை. அங்கிருந்து கடல் மட்டத்திலேயே தொடங்கி 314 மீட்டர் உயரமுள்ள சாய் வான் ஷான் மலைக்கு ஒரே ஏற்றம், மரமே கிடையாது. வெயில் நாளில் பாதி வழியிலேயே தண்ணீரைத் தீர்த்துவிட்டு உட்காருபவர்கள் அதிகம். இந்த நாளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கினால் சாய் வான், பிறகு ஹாம் டின் கடற்கரை. இரண்டிலும் சிறு கடைகள் உண்டு. கையில் ரொக்கம் இருக்கட்டும். ஹாம் டின்னில் ஓடையைக் கடக்கப் பலகைப் பாலம் ஒன்று இருக்கிறது, ஓட வேண்டாம், நடங்கள். கால் வலித்தால் சாய் வானிலிருந்து மேலே ஏறிச் சாலைக்குப் போய் மினிபஸ் பிடிக்கலாம். அந்த இடத்தை விட்டுவிட்டால் பாக் தாம் ஆவ் வரை சாலை கிடையாது.

இரண்டாம் நாள் அதே பாக் தாம் ஆவில் இறங்கி, மூன்றாம் பகுதி. 10.2 கி.மீ. என்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சமதளம் என்று ஒன்று இல்லை. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. மண்ணரித்த படிகள்தான் இங்கே ஆபத்து. படியின் விளிம்பில் கல்லோ மரக்கட்டையோ இருக்கும், அதன் பின்னால் இருந்த மண் மழையில் கரைந்து குழியாகியிருக்கும். இறங்கும் வேகத்தில் அந்தக் குழியில் கால் வைத்தால் கணுக்கால் மடங்கும். விளிம்பின் மேலேயே, பாதத்தைச் சற்றுக் குறுக்காக வைத்து, சிறு சிறு அடியாக இறங்குங்கள். கெய் லிங் ஹாவில் சாலை வரும். 99, 299X பேருந்துகள் கடந்துபோகும். நான்காம் பகுதிக்குத் தெம்பில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், அதில் தவறொன்றும் இல்லை. தெம்பிருந்தால் மா ஆன் ஷான் மலையின் தோளுக்கு நீண்ட ஏற்றம். பாதை 702 மீட்டர் உச்சிக்குப் போகாது, பக்கவாட்டில் சுற்றிச் செல்லும். மேலே நொங் பிங் புல்வெளி. பாராகிளைடர்கள் பறப்பது இங்கேதான். மௌ பிங் பக்கம் பழைய கிராமத்துப் பாதைகள் பல குறுக்கிடும், தூண்களை விடாமல் பாருங்கள். முடியும் டேட்ஸ் கேர்னில் பேருந்து கிடையாது. சா டின் கணவாய் வரை தொடர்ந்து போய் அங்கிருந்து சாலை வழியே ட்ஸ் வான் ஷானுக்கு இறங்குவதுதான் எளிது. அடுத்த ஞாயிறு அங்கிருந்தே தொடங்கலாம்.

மூன்றாம் நாள் லைட்டான நாள். லயன் ராக்கின் அடிவாரம், பீக்கன் ஹில், காலடியில் முழுக் கவ்லூன் நகரம். டாய் போ ரோட்டைக் கடந்ததும் குரங்குகள். கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் உணவு என்று நினைத்துப் பிடுங்கும். எல்லாவற்றையும் ஜிப் போட்ட பைக்குள் வையுங்கள், நின்று சாப்பிடாதீர்கள், கண்ணை நேராகப் பார்க்காதீர்கள். உணவு கொடுத்தால் அபராதம். பகுதி முடியும் முன் 1941 டிசம்பர் போரில் ஜப்பானியப் படை கைப்பற்றிய ஷிங் முன் அரண் வரும். சுரங்கங்களின் மேல் லண்டன் தெருப் பெயர்கள் இன்றும் பொறித்தபடி இருக்கின்றன.

நான்காம் நாளுக்குத்தான் கால்களைச் சேமித்துவைக்க வேண்டும். சுவென் வானிலிருந்து 82 எண் மினிபஸ் ஷிங் முன் நீர்த்தேக்கம் வரை போகும். ஊசிமலைக்கு, அதாவது 532 மீட்டர் நீடில் ஹில்லுக்கு, படிக்கட்டு. ஓட முயல வேண்டாம். கைகளைத் தொடையில் ஊன்றி, மூச்சு சீராக இருக்கும் வேகத்தில் நடங்கள். கைத்தடி வைத்திருப்பவர்களுக்கு அதன் அருமை இங்கே தெரியும். மறுபக்கம் இறங்கி, கான்கிரீட் சாலையில் 647 மீட்டர் கிராஸி ஹில், பிறகு லெட் மைன் கணவாய், பிறகு 957 மீட்டர் தாய் மோ ஷான். ஹாங்காங்கின் மிக உயர்ந்த மலை இது. உச்சியில் ரேடார் நிலையம் இருப்பதால் பாதை அதன் கீழேயே கடந்துவிடும். நகரத்தைவிட ஐந்தாறு டிகிரி குளிர் கூடுதலாக இருக்கும், காற்றும் பலமாக அடிக்கும். 2016 ஜனவரி 24 அன்று நகரத்தில் 3.1 டிகிரி இருந்தபோது இங்கே மைனஸ் 6. பனிக்கட்டி படிந்த சாலையில் இறங்க முடியாமல் பலர் மாட்டிக்கொண்டார்கள். வியர்வையில் நனைந்த சட்டையோடு நின்று படம் எடுக்கும் ஐந்து நிமிடத்தில்தான் உடல் நடுங்க ஆரம்பிக்கும். லெட் மைன் கணவாயிலேயே காற்றுத்தடுப்பு ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். இறக்கம் முழுக்கத் தார்ச்சாலை, தொடை முன்தசைகளுக்கு அதுதான் கடைசி அடி. இறங்கிச் சேரும் ரூட் ட்விஸ்க் சாலையில் 51 எண் பேருந்து.

உணவைப் பொறுத்தவரை, மணிக்கு 500 முதல் 750 மில்லி தண்ணீர், நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது கொஞ்சம். கடலைமிட்டாய் ஏற்றத்தில் நடக்கும்போது நன்றாக இருக்கும். அதில் கொழுப்பு அதிகம் என்பதால் வேகமாக ஓடும்போது வயிற்றில் கல்போலக் கிடக்கும். ஓட்டத்துக்கு எனர்ஜி ஜெல் (உறையில் வரும் சர்க்கரைக் கூழ்) அல்லது வாழைப்பழம். ஓடைத் தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும். மேலே முகாமும் மாடும் உண்டு, வடிகட்டாமல் குடிக்க வேண்டாம். பாதையில் குப்பைத்தொட்டி கிடையாது, ஜெல் உறைகளுக்குத் தனிப் பை வையுங்கள்.

ஐந்தாம் நாள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்பதாம் பகுதி முடியும் டின் ஃபூ சாயில் எந்த வண்டியும் வராது, அதனால்தான் பத்தோடு சேர்த்தே ஓட வேண்டியிருக்கிறது. டாய் லாம் காட்டின் நிழல், நீர்த்தேக்கத்தின் தீவுகள், அதன்பின் நீர்வரத்துக் கால்வாய் ஓரமாக நீண்ட கான்கிரீட் சமதளம். இந்த நாளுக்கு ரோட்டில் ஓடும் ஷூவே போதும். ஆழமான பற்கள் கொண்ட ஷூ உள்ளங்காலைச் சுட்டுவிடும். M200 தாண்டினால் டியூன் முன் ஊர். சட்டை மாற்றிக்கொள்ள மறக்காதீர்கள், ரயிலில் ஏசி கடுமையாக இருக்கும்.