காவடி இரவு 1:40 எந்த நாளின் கணக்கு?

இந்த வாரம் முழுக்க எங்கள் குழுவின் ஃப்ளூயண்ட்-டி குறிப்பேட்டைத்தான் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். மொத்தம் எட்டுப் பக்கம். அதில் ஒன்றரைப் பக்கம் யூடிசி_இண்டெக்ஸ் என்ற ஒரே ஓர் அமைப்புக்கு (செட்டிங்) போய்விட்டது.

நான் மொரீஷியஸின் எபேனில் வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். சர்வர்களில் விழும் லாக்குகளை (நிகழ்வுப் பதிவுகளை) ஃப்ளூயண்ட்-டி என்ற மென்பொருள் திரட்டும்; அதில் சேர்த்திருக்கும் எலாஸ்டிக்சர்ச் பிளகின் (துணை நிரல்) அவற்றை எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறிக்கு அனுப்பிவைக்கும். லாக்ஸ்டாஷ்_ஃபார்மேட் என்ற அமைப்பை ட்ரூ (ஆம்) என்று வைத்தால் நாளுக்கு ஓர் இண்டெக்ஸ் (பதிவுகளின் தொகுப்பு) தானாக உருவாகும், பெயரிலேயே தேதி இருக்கும். 14 நாளுக்கு மேல் பழையதை ஸ்நாப்ஷாட் (காப்புப் பிரதி) எடுத்துவிட்டு அழித்துவிடுவோம். எப்போதாவது தேவைப்பட்டால் அந்த ஒரு நாளை மட்டும் மீட்டெடுப்போம்.

மார்ச் மாதம் பாரிஸிலிருந்து ஒரு வாடிக்கையாளரின் புகார் வந்தது. ஹோட்டல் முன்பதிவுக்கு அவரிடம் இரண்டு முறை பணம் எடுக்கப்பட்டிருந்தது. கணக்குப் பிரிவு குறித்துக் கொடுத்த நேரம் 2025 பிப்ரவரி 11, அதிகாலை 1:40. அன்று இங்கே தைப்பூசக் காவடி, நாடு முழுக்க விடுமுறை. நான் காத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைக்கோயிலில் இருந்தேன். அதனால் அந்தத் தேதி எனக்கு நன்றாக நினைவிருந்தது.

11ஆம் தேதி இண்டெக்ஸை மீட்டுத் தேடினோம். அந்தப் பரிவர்த்தனை இல்லை. கூட வேலை பார்க்கும் தம்பி இந்த ஊர்க்காரர், பள்ளியில் தமிழ் படித்தவர். "லாக்கே வந்து சேரலை போல, அக்கா" என்றார். பஃபர் (அனுப்பும் முன் பதிவுகள் காத்திருக்கும் இடம்) வழிந்துவிட்டதோ, அந்த நேரத்தில் பிளகின் இணைப்பு அறுந்ததோ என்று மதியம் வரை அதன் பின்னாலேயே ஓடினோம். பணம் போன ஒருவர் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்ற நினைப்பு உறுத்திக்கொண்டே இருந்தது. சாப்பிட்டு வந்த பிறகு தம்பிதான் பதிவுகளை நேர வரிசையில் போட்டுப் பார்த்தார்.

"அக்கா, முதல் பதிவே காலை நாலு மணிக்குத்தான் ஆரம்பிக்குது."

அந்த நாலு மணியில்தான் விடை இருந்தது. மொரீஷியஸ் நேரம் யூடிசியைவிட (உலகப் பொது நேரம்) 4 மணி நேரம் முன்னால். யூடிசி_இண்டெக்ஸ் என்பதை நாமாக மாற்றாவிட்டால் அது ட்ரூதான். பதிவு எந்த நாளின் இண்டெக்ஸில் விழும் என்பதை யூடிசி தேதி முடிவு செய்யும். இங்கே 11ஆம் தேதி அதிகாலை 1:40 என்றால் யூடிசியில் 10ஆம் தேதி இரவு 9:40. பதிவுகளைத் தேடிப் பார்க்கும் கிபானா என்ற திரை நம் உலாவியின் நேரத்தைக் காட்டுவதால் அன்றாடத் தேடலில் இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. இண்டெக்ஸைப் பெயர் சொல்லி மீட்கும்போதும் அழிக்கும்போதும்தான் படும். 10ஆம் தேதியை மீட்டதும் ஒரே கோரிக்கை மூன்று வினாடி இடைவெளியில் இரண்டு முறை போயிருந்தது தெரிந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

எங்கள் பழைய குறிப்பேட்டில் இதைப் பற்றி "டீஃபால்ட்: ட்ரூ" என்று ஒரே ஒரு வரி இருந்தது. சரியான தகவல்தான். ஆனால் அதைப் படித்து யாருக்கும் அதிகாலை 1:40 நினைவுக்கு வராது. இப்போது உள்ளூர் நேரம், யூடிசி நேரம், இண்டெக்ஸ் பெயர் என்று ஓர் அட்டவணை போட்டிருக்கிறேன்.

யூடிசி_இண்டெக்ஸை ஃபால்ஸ் (இல்லை) என்று மாற்றிவிட்டால் போதாதா என்று தம்பி கேட்டார். சோதித்தோம், ஒன்றும் மாறவில்லை. ஃப்ளூயண்ட்-டி ஓடும் கன்டெய்னரின் (நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) கடிகாரமே யூடிசியில்தான் இருக்கிறது. அதற்கு உள்ளூர் நேரமும் அதுதான். கன்டெய்னரில் நேர மண்டலத்தைச் சொல்லும் டிஇசட் மாறியை 'இந்தியன்/மொரீஷியஸ்' என்று வைக்க வேண்டும் (அந்த இந்தியன் இந்தியப் பெருங்கடலைக் குறிக்கிறது). கன்டெய்னரை உருவாக்கும் இமேஜுக்குள் நேர மண்டலக் கோப்புகள் இல்லையென்றால் அதையும் சத்தமில்லாமல் யூடிசியாகவே எடுத்துக்கொள்ளும். இதையும் அப்படியே எழுதிவைத்தேன்.

கடைசியில் ட்ரூவாகவே விட்டுவிட்டோம். 2008–09 கோடையில் இந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிப் பார்த்துவிட்டு, அப்புறம் கைவிட்டார்கள். நாளை மறுபடி தள்ளினாலும் யூடிசி அசையாது. என்னைப் பொறுத்தவரை அமைப்பை மாற்றுவதைவிட அதை விளக்கி எழுதுவதுதான் பாதுகாப்பு.

மற்ற திருத்தங்கள் சீக்கிரம் முடிந்தன. டைப்_நேம் என்ற பழைய அமைப்பு பற்றிய பகுதியை எடுத்துவிட்டேன். எலாஸ்டிக்சர்ச் 8இல் அது கிடையாது. 2021இல் எலாஸ்டிக்சர்ச்சின் உரிமம் மாறி, அதிலிருந்து ஓப்பன்சர்ச் என்ற தேடுபொறி தனியாகப் பிரிந்த பிறகு அதற்கென்று தனிப் பிளகின் இருக்கிறது. எதற்கு எது என்று முதல் பக்கத்திலேயே போட்டேன்.

முடித்ததும் தம்பியிடம் கொடுத்து, என்னிடம் எதுவும் கேட்காமல் குறிப்பேட்டை மட்டும் வைத்துப் புதிய சர்வர் ஒன்றைத் தயார் செய்யச் சொன்னேன். இரண்டு இடத்தில் நின்றார். இரண்டையும் திருத்தினேன். அட்டவணைக்குக் கீழே, இரவுப் பணியில் இருப்பவர்களுக்காக அதே விளக்கத்தை அவர் கிரியோலில் எழுதிச் சேர்த்தார். அட்டவணையின் முதல் வரி அந்தக் காவடி இரவுதான்: பிப்ரவரி 11, அதிகாலை 1:40, இண்டெக்ஸ் 2025.02.10.