ஜலந்தர்: வந்தவர்களும் போனவர்களும் கட்டிய ஊர்

கோலாலம்பூரிலிருந்து பஞ்சாபுக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் பெரும்பாலும் அமிர்தசரஸில் இறங்கி, பொற்கோயிலை வலம்வந்து, ஜாலியன்வாலா பாக்கில் சுவரிலுள்ள குண்டுத் தடங்களைத் தொட்டுப் பார்த்து, மாலையில் வாகா எல்லையில் கொடியிறக்கத்தையும் கண்டுவிட்டு, மறுநாள் டில்லிக்கு ரயிலேறிவிடுகிறார்கள். அந்த ரயில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் ஜலந்தரில் நின்றுதான் போகிறது. ஆனால் அங்கே இறங்குகிறவர்கள் அரிது. பொற்கோயில்போல் ஒன்று அங்கில்லை, கோட்டை இல்லை, அரண்மனை இல்லை. நெரிசலும் தூசியும் பட்டறைச் சத்தமும் நிறைந்த தொழில் நகரம் அது. இருந்தும், பஞ்சாபின் இருபதாம் நூற்றாண்டை ஒரே ஊரில் பார்க்க வேண்டும் என்றால் நான் ஜலந்தரைத்தான் சொல்வேன்.

என்னை அங்கே இழுத்தது ஹாக்கி. 1975-ஆம் ஆண்டு உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி நம் கோலாலம்பூரில் நடந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன் போன்றோர் ஆடிய மலேசிய அணி அரையிறுதிவரை வந்தது. அந்த ஆட்டத்தில் நாம் முன்னணியில் இருந்தபோது, முடிய ஐந்தே நிமிடங்கள் இருக்கையில், அஸ்லாம் ஷேர் கான் பெனால்ட்டி கார்னரில் கோலடித்துச் சமன்செய்ய, கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்த கோலால் இந்தியா 3-2 என்று வென்றது. என் தந்தை அந்தத் தோல்வியைக் கடைசிவரை ஆறாத புண்ணாகவே பேசிவந்தார். மார்ச் 15 அன்று மெர்டேக்கா அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என்று வீழ்த்தியது. இந்தியா இதுவரை வென்ற ஒரே ஹாக்கி உலகக் கிண்ணம் அதுதான். அதைக் கையில் ஏந்திய தலைவர் அஜித்பால் சிங், ஜலந்தர் கண்டோன்மென்ட்டை ஒட்டியுள்ள சன்சார்பூர் என்ற சிற்றூர்க்காரர். இறுதியாட்டத்தில் இந்தியாவின் முதல் கோலை அடித்த சுர்ஜித் சிங் ஜலந்தரில் படித்து வளர்ந்த ஆட்டக்காரர். 1984 ஜனவரியில் அதே ஊருக்கு அருகில் கார் விபத்தில் இறந்தார். நகரின் ஹாக்கி அரங்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஊரின் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பியாஸ், சட்லஜ் ஆகிய இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் தோவாபா எனப்படும். அதன் தலைநகர்போல் விளங்குவது ஜலந்தர். சிவபெருமான் சக்கரத்தால் அழித்த ஜலந்தராசுரனின் பெயரால் ஊர் அமைந்தது என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். அந்த வதம் நடந்த தலமாகத் தமிழ்நாட்டில் நாம் வணங்குவது திருவாரூருக்கு அருகிலுள்ள திருவிற்குடியை. அட்டவீரட்டத் தலங்களில் அதுவும் ஒன்று. அசுரனின் மனைவி பிருந்தைக்கு ஜலந்தரின் கோட் கிஷன் சந்த் பகுதியில் இன்றும் கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் இந்த நாட்டின் வழியாகச் சென்று குறிப்பெழுதியிருக்கிறார். பிறகு சுல்தான்கள், முகலாயர், சீக்கியர் ஆட்சிகள். 1846-இல் முதல் ஆங்கிலேய-சீக்கியப் போர் முடிந்ததும் பிரிட்டிஷார் தோவாபாவை எடுத்துக்கொண்டு, நகருக்கு வெளியே பெரிய படைமுகாம் அமைத்தார்கள். அந்த முகாமில் 1920 ஜூன் மாதம், தங்கள் நாட்டில் பிரிட்டிஷ் படைகள் செய்த கொடுமைகளைக் கேள்விப்பட்ட கன்னாட் ரேஞ்சர்ஸ் என்னும் பிரிட்டிஷ் ராணுவப் பிரிவின் ஐரிஷ் வீரர்கள் ஆயுதம் ஏந்த மறுத்தார்கள். கலகம் சோலன் முகாமுக்கும் பரவ, அங்கே அதற்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் டேலி என்ற இளைஞர் அதே ஆண்டு நவம்பர் 2 அன்று டக்ஷாய் சிறையில் சுட்டுக்கொல்லப்பட்டார். இந்தியாவில் நின்றுகொண்டு அயர்லாந்துக்காக உயிர்விட்ட அவரைப் பற்றி நம் பள்ளிப் பாடங்களில் ஒரு வரியும் இல்லாதது எனக்கு வருத்தமே.

இன்றைய ஜலந்தர் பிறந்தது 1947-இல். பிரிவினைக்கு முன்பு நகரில் முஸ்லிம்களே பெரும்பான்மை. எல்லைக்கோடு எங்கே விழும் என்பது சுதந்திரம் கிடைத்து இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 17 அன்றுதான் வெளியானது. ஜலந்தர் இந்தியாவுக்கு என்று தெரிந்ததும் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் மேற்கே போயின. பாகிஸ்தானின் தேசிய கீதத்தை எழுதிய ஹபீஸ் ஜலந்தரி இந்த ஊரில் பிறந்தவர். ஊரைவிட்டுப் போன பிறகும் ஊர்ப்பெயரைத் தம் பெயரிலிருந்து நீக்கவில்லை. பின்னாளில் பாகிஸ்தானை ஆண்ட ஜெனரல் ஜியா உல் ஹக் பிறந்ததும் இங்கேதான். அதே நேரத்தில் மேற்கிலிருந்து இந்துக்களும் சீக்கியர்களும் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் தங்கள் ஊரையும் கூடவே எடுத்துவந்தார்கள் என்பதற்கு லயால்பூர் கால்சா கல்லூரியே சாட்சி. பாகிஸ்தான் பக்கம் போய்விட்ட லயால்பூரில் தொடங்கிய அந்தக் கல்வி நிலையம், பிரிவினைக்குப் பின் ஜலந்தரில் மீண்டும் திறக்கப்பட்டது. 1970-களில் பாகிஸ்தான் லயால்பூருக்கு ஃபைசலாபாத் என்று பெயர் மாற்றிவிட்டது. ஆக, அந்த ஊரின் பழைய பெயர் இன்று எல்லைக்கு இப்பால், ஜலந்தர்க் கல்லூரி ஒன்றின் வாயிலில் எழுதப்பட்டிருக்கிறது.

வந்தவர்களில் சியால்கோட்காரர்களின் கதையே எனக்கு மிகவும் பிடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே சியால்கோட் நகரம் பிரிட்டிஷ் பேரரசு முழுவதற்கும் டென்னிஸ் ராக்கெட்டும் கிரிக்கெட் மட்டையும் பந்தும் செய்து அனுப்பிவந்தது. பிரிவினையின்போது அந்தத் தொழிலின் இந்து, சீக்கிய முதலாளிகளும் கைவினைஞர்களும் ஜலந்தருக்கு வந்து, முஸ்லிம்கள் விட்டுச்சென்ற பஸ்தி எனப்படும் குடியிருப்புகளில் குடியேறினார்கள். முதலாளிகளைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். உடன்வந்த மேக் சமூகத்தாரைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. தாழ்த்தப்பட்டவர்களாக ஒதுக்கப்பட்டிருந்த அந்த மக்கள் பார்கவ் கேம்ப் போன்ற அகதிக் குடியிருப்புகளில் தங்கி, தைப்பதும் இழைப்பதுமாக அந்தத் தொழிலைத் தங்கள் கைகளால் மீண்டும் நிலைநிறுத்தினார்கள்.

பஸ்தி நௌ பகுதியின் ஒரு சந்தில், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கால்பந்து தைத்துக்கொண்டிருந்த பெண்மணி ஒருவரை அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மரத்தாலான கிடுக்கி ஒன்றை முழங்கால்களுக்கிடையே இறுக்கிப் பிடித்து, அதில் இரண்டு துண்டுகளின் ஓரங்களை ஒன்றாகக் கவ்வ வைத்திருந்தார். மெழுகேற்றிய நூலின் இரு முனைகளிலும் ஊசி. ஒரே துளைக்குள் இரு பக்கமிருந்தும் இரண்டு ஊசிகளைச் செலுத்தி, இரு கைகளையும் அகல விரித்து ஒரே வீச்சில் நூலை இழுத்து இறுக்குகிறார். 20 அறுகோணம், 12 ஐங்கோணம் என்று 32 துண்டுகள். ஒரு பந்துக்கு 600-க்கும் மேற்பட்ட தையல்கள். பந்தை உட்புறம் வெளியே தெரியும்படி வைத்தே தைத்து வந்து, முடியும் தறுவாயில் திருப்பிப்போட்டு, காற்றுப்பையை உள்ளே வைத்து, கடைசிச் சில தையல்களை வெளியிலிருந்தே முடிச்சு தெரியாமல் முடிக்க வேண்டும். அந்தக் கடைசித் தையல்தான் திறமைசாலியைக் காட்டிக்கொடுக்கும் என்றார். அவருடைய ஆள்காட்டி விரல்களில் நூல் அறுத்த தடங்கள் வரிவரியாக இருந்தன. ஒரு பந்துக்கு அவர் பெறும் கூலியையும் அதே பந்து நம் ஊர்க் கடையில் விற்கும் விலையையும் மனத்துக்குள் ஒப்பிட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

இந்தத் தொழிலுக்குத் தோல் ஊருக்குள்ளேயே கிடைத்தது. பூட்டா மண்டி என்னும் தோல் சந்தைப் பகுதியில் சமார் சமூகத்தார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோல் வணிகத்தில் பொருள் சேர்த்திருந்தார்கள். கையில் காசு வந்ததும் மானத்தைக் கேட்டார்கள். கலிபோர்னியாவில், பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதம் ஏந்தி விரட்ட முனைந்த கெதர் புரட்சியாளர்களுடன் இருந்துவிட்டுத் திரும்பிய மங்கு ராம் 1926-இல் தொடங்கிய ஆதி தர்ம இயக்கம் ஜலந்தரைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்து, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனிச் சமயமாகவே பதிவானது. தமிழ்நாட்டில் அயோத்திதாசப் பண்டிதர் எழுப்பிய ஆதித்தமிழர் குரலை அறிந்தவர்களுக்கு இந்த வரலாறு அந்நியமாகத் தோன்றாது. அம்பேத்கர் 1951 அக்டோபரில் இங்கே வந்து பேசினார். 2011 கணக்கெடுப்பின்படி ஜலந்தர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 39 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பஞ்சாப் என்றாலே தலைப்பாகை கட்டிய நிலவுடைமையாளரை மட்டும் நினைக்கும் நம் வழக்கம் மாற வேண்டும் என்றால் பூட்டா மண்டியில் ஒரு பொழுது நடந்துவர வேண்டும்.

ஊருக்கு இசையும் உண்டு. தேவி தலாப் கோயில் வளாகத்தில் 1875 முதல் ஆண்டுதோறும் ஹரிவல்லப இசை விழா நடக்கிறது. தம் குருவின் நினைவாக பாபா ஹரிவல்லபர் தொடங்கிய விழா அது. தியாகராசருக்குத் திருவையாற்றில் நடக்கும் ஆராதனையைப்போல் இங்கும் புகழ்பெற்றவர்கள் காணிக்கையாகவே வந்து பாடியிருக்கிறார்கள். டிசம்பர்க் குளிரில் போர்வை போர்த்திக்கொண்டு இரவெல்லாம் அமர்ந்து கேட்கும் ரசிகர்கள் அவ்விழாவின் பெருமை. இளம் வயதில் குருவைத் தேடி அலைந்த இந்துஸ்தானி இசை மேதை பீம்சேன் ஜோஷி இந்நகரில் தங்கி, துருபத் என்னும் பழைய இந்துஸ்தானி இசைவகையைப் பாடிய மங்கத் ராமிடம் கற்றிருக்கிறார்.

இனிப் போனவர்களின் கதை. மலாயாவுக்கு நம் முன்னோர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறினார்கள் என்றால், பஞ்சாபியர் கல்கத்தாவில் ஏறினார்கள். தைப்பிங்கில் போலீஸ் படையாகவும், பின்னர் மலாய் மாநிலக் காவற்படையாகவும் அவர்கள் இருந்தார்கள். வங்கி வாசல்களில் ஜாகா என்னும் காவலாளியாகவும், பால்காரராகவும் அவர்கள் இருந்ததை எங்கள் தலைமுறை கண்ணால் கண்டது. 1914-இல் கொமகாதா மாரு கப்பலை வாடகைக்கு எடுத்து 376 பேருடன் கனடாவுக்குச் சென்ற குர்தித் சிங், அதற்கு முன் மலாயாவில் ஒப்பந்தத் தொழில் செய்தவர். கனடா உள்ளே விடாமல் திருப்பியனுப்பிய அந்தக் கப்பல் கல்கத்தாவுக்கு அருகே பஜ் பஜ்ஜில் கரைசேர்ந்தபோது துப்பாக்கிச்சூட்டில் பலர் மாண்டார்கள். அவர்களைப் போன்றவர்களின் நினைவுக்காக ஜலந்தரில் தேச பகத் நினைவு மண்டபம் எழுந்திருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் அங்கே நடக்கும் கெதர் வீரர்கள் திருவிழாவில் நாடகமும் புத்தகக் கடையும் விவாதமுமாக ஊரே திரள்கிறது. மலேசியாவிலிருந்து போகிறவர்கள் இந்த மண்டபத்தைத் தவறாமல் பார்க்க வேண்டும். நம் நாட்டு வரலாற்றின் ஒரு பகுதியும் அதற்குள் இருக்கிறது.

போகும் ஆசை இன்னும் அடங்கவில்லை. நகருக்கு அருகே தல்ஹன் சிற்றூரிலுள்ள குருத்துவாராவில் வெளிநாட்டு விசா வேண்டி பொம்மை விமானங்களைக் காணிக்கை வைக்கும் வழக்கம் பல ஆண்டுகளாக இருந்தது. விமான நிறுவனங்களின் பெயர் எழுதிய அந்தப் பிளாஸ்டிக் விமானங்களை வாசலிலிருந்த கடைகளிலேயே வாங்க முடிந்தது. சேர்ந்தவற்றைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டார்கள். இதைப் படம்பிடித்துச் சிரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிலம் துண்டுதுண்டாகச் சிறுத்து, நிலத்தடி நீர் ஆண்டுக்காண்டு கீழே போக, படித்த பிள்ளைக்கு உள்ளூரில் வேலையில்லாத குடும்பம் வைத்த வேண்டுதல் அது.

சன்சார்பூரும் இதற்கு விலக்கல்ல. 1952, 1956, 1964 ஆகிய மூன்று ஒலிம்பிக்கில் தங்கமும் 1960-இல் வெள்ளியும் வென்ற உத்தம் சிங் உட்பட 14 ஒலிம்பிக் ஆட்டக்காரர்களைத் தந்த அந்தச் சிற்றூரில் இப்போது பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கிலிருந்து செயற்கைத் தரை வந்தபோது புல்தரையில் பழகிய சிற்றூர்ப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். மல்பெரி மரத்தை ஆவியில் வளைத்து மட்டை செய்த பட்டறைகளும் செயற்கை இழை மட்டைகளால் அடிபட்டன. ஆனால் ஹாக்கி ஜலந்தரைவிட்டுப் போய்விடவில்லை. முன்னாள் இந்திய அணித்தலைவர் பர்கத் சிங்கின் ஊரான மிட்டாபூர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 41 ஆண்டுகளுக்குப் பிறகு 2021-இல் டோக்கியோவில் இந்தியா ஒலிம்பிக் பதக்கம் வென்றபோது, அணித்தலைவர் மன்பிரீத் சிங், மன்தீப் சிங், வருண் குமார் ஆகிய மூவரும் அந்த ஒரே ஊர்க்காரர்கள்.

போனவர்களின் இடத்துக்கு இன்று பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வேலை தேடி வருகிறார்கள். ரப்பரும் தோலும் குழாய்க் கருவியும் செய்யும் பட்டறைகள் அவர்கள் உழைப்பில்தான் ஓடுகின்றன; சூரியனை வணங்கும் சத் பூசையன்று கால்வாய்க் கரைகள் அவர்கள் குடும்பங்களால் நிரம்பிவிடுகின்றன. அவர்களுடைய பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் பஞ்சாபி எழுத்தில் பாடம் படிக்கிறார்கள். நகரத்து ஹாக்கித் திடல்களில் அந்தப் பிள்ளைகளுக்கும் மட்டையும் பயிற்சியாளரும் கிடைக்க மாநில அரசும் வெளிநாடு வாழ் தோவாபாக்காரர்களும் இப்போதே வழிசெய்ய வேண்டும்.