சம்பள இரவின் இருநூறு கோடிப் பக்கங்கள்

25 அக்டோபர் 2024, வெள்ளி, ஜோகன்னஸ்பர்க்

இந்நாட்டில் பல நிறுவனங்கள் 25ஆம் தேதியில்தான் சம்பளம் போடுகின்றன என்பதால், இந்தப் பணத்தைக் கணக்குகளில் ஏற்றும் எங்கள் மெயின்பிரேம் பெருங்கணினிக்கு மாதத்திலேயே கனமான இரவு 24ஆம் தேதி இரவுதான். வழக்கமாக இருபத்தைந்து நிமிடங்களில் முடிந்துவிடும் சம்பளப் பட்டுவாடா பேட்ச், அதாவது எல்லா ஊழியர்களின் சம்பளத்தையும் ஒரே ஓட்டத்தில் கையாளும் நிரல், நேற்றிரவு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியது. காலை ஐந்து மணிக்குள் கணக்குகளில் ஏறியிருக்க வேண்டிய பணம் ஏழரைக்குத்தான் ஏறியது. ஆறு மணிக்கு நான் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, வாயிற்காவலர் கைப்பேசியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றிருந்தார். மகனின் பள்ளிக் கட்டணத்தை இன்றே அனுப்ப வேண்டுமாம். அவரிடம் சொல்வதற்கு என்னிடம் பதில் ஏதும் இல்லை.

பத்து மணிக் கூட்டத்தில், கணினியின் செயலி (சிபியு) நூறு விழுக்காட்டைத் தொட்டுவிட்டது, ஆகவே கூடுதல் திறன் வாங்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. செயலி நிறைந்திருந்தது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த வேலையால் நிறைந்தது என்று பார்க்காமல் வாங்கக் கூடாது என்று சொல்லி, திங்கட்கிழமை வரை அவகாசம் கேட்டேன்.

26 அக்டோபர், சனி

இன்று முழுவதும் எஸ்எம்எஃப் பதிவுகளுடன், அதாவது மெயின்பிரேமில் ஓடும் வேலைகளைப் பற்றித் தானாக எழுதப்படும் குறிப்புகளுடன், கழிந்தது. எங்கள் தரவுத்தள மென்பொருளான டிபி2 ஒவ்வொரு வேலைக்கும் எழுதிவைக்கும் 101ஆம் வகைப் பதிவில் நேரம் மூன்று கூறுகளாகக் கிடைக்கும். கிளாஸ் 1 என்பது நிரல் டிபி2வுடன் இணைந்தது முதல் விலகும் வரையிலான மொத்த நேரம். கிளாஸ் 2 அதில் டிபி2வுக்குள் கழிந்த பகுதி. கிளாஸ் 3 டிபி2வுக்குள், வேறொரு வேலை பூட்டிவைத்த தரவு விடுபடுவதற்காகவோ, டிஸ்க்கிலிருந்து தரவுப் பக்கம் வருவதற்காகவோ, மாற்றங்களின் பதிவேடான லாக் எழுதி முடிவதற்காகவோ காத்துக் கிடந்த நேரம். நேற்றைய பேட்ச்சில் கிளாஸ் 3 மிகச் சொற்பம். மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி கிளாஸ் 2வில், அதுவும் செயலி நேரமாகவே விழுந்திருந்தது. அதாவது டிபி2 எதற்காகவும் காத்திருக்கவில்லை, இடைவிடாமல் உழைத்திருக்கிறது.

எதில் உழைத்தது என்பதை கெட்பேஜ் எண்ணிக்கை காட்டியது. டிபி2 தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் இடமான பஃபர் பூலிலிருந்து ஒரு பக்கத்தைக் கேட்டெடுப்பதுதான் ஒரு கெட்பேஜ். செப்டம்பர் சம்பள இரவில் இந்த நிரல் ஏறத்தாழ எட்டு லட்சம் பக்கங்களைக் கேட்டிருந்தது. நேற்று ஏறத்தாழ இருநூறு கோடி. எழுத்துப் பிழையோ என்று எண்ணி அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

28 அக்டோபர், திங்கள்

காரணத்தைக் கண்டுபிடித்தவர் என்னுடன் பணியாற்றும் இளம்பெண். டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தமிழ் கற்றவர். இரண்டு திரைகளை அருகருகே வைத்துக்கொண்டு, “அங்கிள், டேபிளில் ரெண்டு லட்சம் வரி வருது, கேட்டலாகில் சைபர்னு இருக்குதே?” என்று கேட்டார். கேட்டலாக் என்பது ஒவ்வொரு டேபிளையும் பற்றி டிபி2 வைத்திருக்கும் குறிப்பேடு. முழு விவகாரமும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது.

அது ஒரு தற்காலிக டேபிள். சம்பள இரவில் நிரம்பும், விடிந்ததும் காலியாக்கப்படும். அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, பராமரிப்புத் திருத்தங்களுக்குப் பிறகு எல்லா டேபிள்களுக்கும், வரி எண்ணிக்கை முதலியவற்றைக் கேட்டலாகில் புதுப்பிக்கும் ரன்ஸ்டாட்ஸ் ஓட்டி, தொடர்ந்து எல்லா பேக்கேஜ்களையும், அதாவது நிரல்களில் உள்ள எஸ்கியூஎல் தரவுக் கேள்விகளின் தயார் வடிவங்களையும், ரீபைண்ட் செய்து புதிதாகத் தயாரித்திருக்கிறார்கள். அன்று அந்த டேபிள் காலியாக இருந்தது. நிரலுக்குள் நிலையாக எழுதப்பட்ட எஸ்கியூஎல்லுக்கு அணுகுவழி, அதாவது தரவை எப்படித் தேடுவது என்பது, தீர்மானமாவது பைண்ட் அல்லது ரீபைண்ட் நேரத்தில்தான். ஒரு வரிகூட இல்லாத டேபிளுக்கு தேடலைச் சுருக்கும் இண்டெக்ஸ் எதற்கு என்று, வழியைத் தேர்ந்தெடுக்கும் ஆப்டிமைசர் முடிவெடுத்ததில் அதன்மேல் குற்றமில்லை. நாம் கொடுத்த தகவலுக்கு அது சரியான முடிவு. தேர்ந்தெடுத்த வழியைக் காட்டும் எக்ஸ்ப்ளெயின் வெளியீட்டில், பழைய பேக்கேஜுக்கு அணுகுவகை ‘ஐ’ என்றும் புதியதற்கு ‘ஆர்’ என்றும் இருந்தது. ‘ஐ’ என்றால் இண்டெக்ஸ் வழியே போவது, ‘ஆர்’ என்றால் முழு டேபிளையும் தலையிலிருந்து கால்வரை படிப்பது.

மிச்சம் வெறும் பெருக்கல் கணக்கு. பக்கத்துக்கு இருபது வரிகள் என்றால் இரண்டு லட்சம் வரிகளுக்குப் பத்தாயிரம் பக்கங்கள். ஒவ்வோர் ஊழியரையும் தேட அந்தப் பத்தாயிரத்தையும் புரட்டினால், இரண்டு லட்சம் ஊழியர்களுக்கு இருநூறு கோடி. இண்டெக்ஸ் வழியே போனால் மூன்று நிலை இண்டெக்ஸ் பக்கங்களும் ஒரு தரவுப் பக்கமுமாகத் தேடலுக்கு நான்கு, மொத்தம் எட்டு லட்சம். பத்தாயிரம் பக்கங்கள் என்பது நாற்பது மெகாபைட்தான், முழுவதும் பஃபர் பூலுக்குள் அடங்கிவிட்டது. டிஸ்க் வரைபடத்தில் எந்த அறிகுறியும் தெரியாமல் போனதற்கு அதுவே காரணம்.

கூட்டத்தில் இந்தக் கணக்கையே எழுதிக் காட்டினேன். ஐந்தில் ஒரு பங்கு திறனைக் கூட்டினால் மூன்று மணி நேரம் இரண்டரையாகும், அதற்குமேல் குறையாது. இன்னொன்றையும் சொன்னேன்: எங்கள் மென்பொருள் உரிமக் கட்டணம், நகர்ந்துகொண்டே போகும் நான்கு மணி நேரச் சராசரி அந்த மாதத்தில் தொட்ட உச்சத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆகவே ஓர் இரவின் வீண் உழைப்பு மாதம் முழுவதற்குமான கட்டணத்தை உயர்த்திவிடுகிறது. அதன் பிறகு கொள்முதல் பேச்சு எழவில்லை.

30 அக்டோபர், புதன்

தீபாவளிக்கு முந்தைய மாலை. பிளான்மேனேஜ்மென்ட் வசதி பழைய அணுகுவழியைச் சேமித்து வைத்திருந்ததால், ரீபைண்ட் ஸ்விட்ச் ப்ரீவியஸ் என்ற ஒரு கட்டளையில் அதற்குத் திரும்பிவிட்டோம். நிலையான தீர்வாக அந்த டேபிளை வாலடைல் என்று அறிவித்தோம். எண்ணிக்கை என்னவாக இருந்தாலும் இயன்றவரை இண்டெக்ஸையே நாடு என்று டிபி2விடம் சொல்லும் அறிவிப்பு அது. இனி மொத்தமாக ரீபைண்ட் செய்யும்போது பழைய அணுகுவழியையே மீண்டும் கையாள முயலும் ஏபிரீயூஸ் இல்லாமல் செய்யக் கூடாது என்பதையும் நடைமுறைக் குறிப்பில் சேர்த்தேன். அது இருந்திருந்தால் பழைய இண்டெக்ஸ் வழியே பெரும்பாலும் நிலைத்திருக்கும். அக்டோபர் 6க்கு முன்பே இதை நான் வலியுறுத்தியிருக்க வேண்டும். அந்த மாற்ற ஆவணத்தில் என் கையொப்பமும் இருக்கிறது.

25 நவம்பர், திங்கள்

நேற்றிரவு லெனேசியா வீட்டுக்குப் போகாமல் அலுவலகத்திலேயே இருந்தேன். பேட்ச் 1:10க்குத் தொடங்கி 1:34க்கு முடிந்தது. கெட்பேஜ் எட்டு லட்சத்து இருபதாயிரம். சாட்ஸ்வொர்த் பெண் அதிகாலை இரண்டு மணிக்கே அந்த எண்ணை மட்டும் செய்தியாக அனுப்பியிருந்தார், அவரும் உறங்கவில்லை போலும். ஆறு மணிக்குக் கீழே இறங்கியபோது வாயிற்காவலர் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்.

இதேபோல் நிரம்பிக் காலியாகும் டேபிள்கள் இன்னும் பதினொன்று இருக்கின்றன. வரும் வெள்ளி பிளாக் ஃபிரைடே என்பதால், அட்டை வணிகத்தைத் தொடும் நான்கை நாளை முதலில் எடுக்கிறோம்.