தரச் சான்றுக்கு எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம் தயாரானபோது

தென் மாவட்டக் கிராமம் ஒன்றில், பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் ஸ்டாஃப் நர்ஸ். ஷிப்டுக்கு ஒரு நர்ஸ்தான். ராத்திரியில் வலியோடு யார் வந்தாலும் நானும் ஓர் உதவியாளரும்தான் முதலில் பார்ப்போம். தேசியத் தரச் சான்று மதிப்பீட்டுக்கு எங்கள் நிலையத்தின் பெயர் போயிருக்கிறது என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் பேசியது பெயின்ட், பெயர்ப்பலகை, பூந்தொட்டி பற்றித்தான். பக்கத்து ஊர் நிலையங்கள் சிலவற்றில் இப்போது இதே வேலை நடக்கிறது. அங்கே இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

அரசு மருத்துவமனைகளுக்கான இந்தத் தேசியத் தர நிர்ணயத்தை, அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக, என்.க்யூ.ஏ.எஸ். என்று சொல்வோம். மத்திய சுகாதார அமைச்சகம் 2013-ல் மாவட்ட மருத்துவமனைகளுக்காகத் தொடங்கியது, பிறகு எங்களைப் போன்ற நிலையங்களுக்கும் வந்தது. புறநோயாளிகள் பிரிவு, பிரசவ அறை, உள்நோயாளிகள் பிரிவு, ஆய்வகம், தேசிய நலத் திட்டங்கள், பொது நிர்வாகம் என்று ஆறு செக்லிஸ்ட். கேட்டது முழுதாக இருந்தால் 2 மதிப்பெண், அரைகுறையாக இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. மொத்தத்தில் 70 சதவீதமாவது எடுக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்திலேயே அதை எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்றும் போட்டிருக்கும்: கண்ணால் பார்ப்பது, ஊழியரிடம் கேட்பது, பதிவேட்டைப் பார்ப்பது, நோயாளியிடம் கேட்பது. முதல் மூன்றுக்கும் நாம் தயாராகிக்கொள்ளலாம். நாலாவதற்கு முடியாது.

வெளியாட்கள் வருமுன் நம்மை நாமே மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு உதவ வந்த மாவட்டத் தர ஆலோசகர் பிரசவ அறையில் நின்றுகொண்டு, "கர்ப்பிணிக்கு பிரஷர் ஏறி ஃபிட்ஸ் வந்தா என்ன பண்ணுவீங்க சிஸ்டர்?" என்று கேட்டார். எங்கள் எல்லோருக்கும் மனப்பாடமான பதில்தான். ஃபிட்ஸை அடக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசி முதல் டோஸ் 10 கிராம், இரண்டு புட்டத்திலும் ஐந்தைந்து கிராமாக ஆழமாகப் போட்டுவிட்டு, 108-ல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

"சரி, எடுத்துக் காட்டுங்க" என்றார்.

ஓர் ஆம்பூலில், அதாவது ஒரு சின்ன மருந்துக் குப்பியில், இருப்பது ஒரு கிராம். அப்படியென்றால் அவசர மருந்து டிரேயில் பத்து ஆம்பூல் இருக்க வேண்டும். இருந்தது நாலு. மீதி மருந்துக் கிடங்கில், பூட்டுக்குள். சாவி மருந்தாளுநரிடம். அவர் மாலையில் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விடுவார்.

மருந்து வந்து சேர்ந்திருக்கிறது, இருப்புக் கணக்கும் சரி, ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த அம்மாவுக்குக் கிடைக்காது. எனக்கு இந்த மதிப்பீட்டின் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு கேள்வியையும் "ராத்திரி ஷிப்டில் தனியாக இருக்கும் நர்ஸுக்கு இது கைக்கு எட்டுமா?" என்று மாற்றிக் கேட்க ஆரம்பித்தோம். பிரசவ அறையில் ஏழு டிரே இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் உள்ளே என்ன, எத்தனை, எப்போது காலாவதி என்று எழுதி ஒட்டினோம். ஷிப்ட் மாறும்போது இரண்டு பேரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடுவது என்று வைத்துக்கொண்டோம். ரத்தப்போக்கைத் தடுக்க, பிரசவம் ஆன ஒரு நிமிடத்துக்குள் போட வேண்டிய ஆக்சிடோசின் ஊசி மருந்தை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் அது டிரேயிலேயே கிடந்தால் வீரியம் போய்விடும், ரத்தப்போக்கு நிற்காது. அதற்கென்று பிரசவ அறைக்குள்ளேயே சின்ன ஃபிரிட்ஜ் வாங்கினோம்.

பிறந்த குழந்தை அழாவிட்டால் என்ன செய்வது என்பதைப் பொம்மை வைத்துப் பழகினோம். முதல் நிமிடத்துக்குள், முகத்தில் மாஸ்க் வைத்துக் கையால் அமுக்கும் ஆம்பு பையால் காற்று கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும். செய்து பார்க்கும்போதுதான் தெரிந்தது, அந்த ஒரு நிமிடம் மாஸ்க் தேடுவதிலேயே போய்விடுகிறது. நிறைமாதக் குழந்தைக்கு 1-ம் எண் மாஸ்க், குறைமாதக் குழந்தைக்கு 0. இரண்டும் ஒரே டப்பாவில் கலந்து கிடந்தன. இப்போது குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மருக்கு மேலே தனித்தனியாகத் தொங்குகின்றன. இதற்குச் செலவு என்று பார்த்தால் இரண்டு கொக்கிதான்.

கழிவு மேலாண்மை, தடுப்பூசிக் குளிர்பதனம் எல்லாம் ஏற்கெனவே ஓரளவு ஒழுங்காக இருந்தன. அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

மதிப்பீட்டுக்கு வெளிமாநிலத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மருத்துவ அலுவலர் அறையில் அறிமுகக் கூட்டம் முடிந்ததும் அவர்கள் நேராகப் போனது கழிவு அறைக்கு. அங்கிருந்த தூய்மைப் பணியாளர் அக்காவிடம், தரையில் ரத்தம் சிந்தினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். அவர் பதில் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை, செய்தே காட்டினார். கையுறை போட்டு, துணியால் மூடி, கிருமி கொல்லும் ஹைப்போகுளோரைட் கரைசலை ஊற்றி, ஊறவிட்டு, எடுத்து மஞ்சள் பையில் போட்டார். பயன்படுத்திய ஊசிகளைப் போட்டுவைக்கும் வெள்ளை டப்பாவை ஏன் முழுக்க நிரப்பவில்லை என்று அடுத்த கேள்வி. "முக்கால் வந்ததும் மூடிரணும் சார். அழுத்தித் திணிச்சா, நாளைக்கு வண்டியில ஏத்துற பையன் கையில குத்தும்" என்றார். எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. பயிற்சி என்றால் மருத்துவரும் நர்ஸும்தான் போக வேண்டும் என்ற வழக்கத்தை மாற்றி இவரைப் போன்றவர்களையும் உட்கார வைத்தது எங்கள் மருத்துவ அலுவலர் செய்த நல்ல காரியம்.

அன்று செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வரும் நாள். மதிப்பிட வந்த இருவரில் ஒருவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, கர்ப்பிணிகளிடம் அவரே தடுமாறித் தமிழில் கேட்டார். ஒரு பெண், "எல்லாம் நல்லாத்தான் பாக்குறாங்க, ஆனா வயித்தைப் பாக்கும்போது கதவு தெறந்துகிட்டே இருக்கு, கூச்சமா இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். திரை இருந்தது, ஆனால் அது கதவுக்கு நேராக இல்லை. அந்தக் கேள்விக்கு 1 தான் கிடைத்தது. நியாயமான மதிப்பெண். மறுநாளே கட்டிலைத் திருப்பிப் போட்டு, கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைத்தோம்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். எழுத்து வேலை மிக அதிகம். ஒரே ரத்த அழுத்தத்தைத் தாயின் அட்டையில், பதிவேட்டில், கணினியில் என்று திரும்பத் திரும்ப ஏற்றுகிறோம். இதற்கு மேல் தரத்துக்கென்று தனிப் பதிவேடுகள். ஃபிரிட்ஜின் வெப்பநிலையை ஞாயிறு உட்பட தினமும் இருவேளை எழுதுவதில் அர்த்தம் உண்டு, அது தடுப்பூசியைக் காப்பாற்றுகிறது. ஆனால் வலியில் இருக்கும் பெண்ணின் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரத்தை மேசைக்கு இழுத்துக்கொள்ளும் பதிவேடுகளும் இருக்கின்றன. மதிப்பிட வருபவர்கள் இவற்றில் எதை எடுத்துவிடலாம் என்றும் எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

சான்று கிடைத்தது. மூன்று வருடத்துக்குச் செல்லும், இடையில் மாநிலத்திலிருந்து வருடா வருடம் வந்து பார்ப்பார்கள். கூடவே குறைகளின் பட்டியலும் வந்தது. பி.பி. கருவிகளின் துல்லியச் சோதனை, சக்கர நாற்காலி போகாத கழிப்பறை வாசல், ஆய்வகத்தில் காற்றோட்டம் என்று நீள்கிறது. இவற்றில் பாதியைச் சான்றுக்காகக் கிடைக்கும் ஊக்கத்தொகையில் முடிக்கலாம் என்று பேசியிருக்கிறோம். ராத்திரிக்கு இரண்டாவது நர்ஸ் வேண்டும் என்பதை மட்டும் தனிக் கடிதமாக, ஒரே இரவில் இரண்டு பிரசவம் நடந்த தேதிகளை இணைத்து, மேலே அனுப்பியிருக்கிறோம். இதுவரை பதில் வரவில்லை. அடுத்த ஆய்வுக்கு வருபவர்களிடமும் அந்தக் கடிதத்தின் நகலைக் கொடுப்பேன்.