"தேடல் பக்கமும் இதுல வருதே"

"அண்ணா, தேடல் பக்கமும் இதுல வருதே. அதுவும் ஆர்டினல்தானா?"

என் கோட் மாற்றத்தை ரிவ்யூ செய்தபோது, கூட வேலை செய்யும் அவள் கேட்டது அவ்வளவுதான். ஆர்டினல் என்றால் மொழி வழக்கைப் பார்க்காமல், கணினி எழுத்துகளுக்கு வைத்திருக்கும் குறியெண்களை மட்டும் ஒப்பிடுவது. "எல்லா இடத்துக்கும் ஒரே ரூல்தான்" என்று பதில் போட்டு, அந்தக் கமென்ட்டை நானே மூடினேன்.

அவசரம் இருந்தது உண்மை. மைக்ரோசாஃப்டின் நிரல் தளமான டாட்நெட்டின் 5-ஆம் பதிப்புக்கு மாறிய மறுநாளே கோப்புகளைப் படிக்கும் பகுதி படுத்துவிட்டது. புதுவரிக் குறி இருக்கிறதா என்றால் கன்டெயின்ஸ் என்ற கட்டளை 'ஆமாம்' என்கிறது. எங்கே என்றால் இண்டெக்ஸ்ஆஃப் மைனஸ் ஒன்று, அதாவது 'இல்லை', என்கிறது. எதுவும் குறிப்பிடாமல் விட்டால் முன்னது குறியெண்களை மட்டும் ஒப்பிடும், பின்னது மொழி வழக்கையும் பார்க்கும். 2020-இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்து விண்டோஸிலும் யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் ஐசியு நிரல் நூலகம்தான் மொழி வழக்குப்படி ஒப்பிடுகிறது. அதன் கணக்கில், வரிமுடிவைக் குறிக்கும் கேரேஜ் ரிட்டர்னும் லைன் ஃபீடும் சேர்ந்து வந்தால் ஒரே எழுத்து. அதில் பாதியான லைன் ஃபீடை மட்டும் தேடினால் கிடைக்காது. இதைப் பிடிக்க ஓர் இரவு முழுக்கப் போனது. விடிந்ததும் கண்ணில் பட்ட இண்டெக்ஸ்ஆஃப் எல்லாவற்றிலும் ஆர்டினலைச் சேர்த்தேன். மைக்ரோசாஃப்ட் ஆவணமும் அதைத்தானே சொல்கிறது? பயனருக்குக் காட்டும் இடத்துக்கு ரூல் வேறு என்றும் அதிலேயே இருக்கிறது. அதையும் படித்திருந்தேன்.

சில வாரம் கழித்து, 'கோப்பு' என்று தேடினால் பாதி ஆவணங்கள் வரவில்லை. சிலர் தட்டச்சில் 'கோ' என்பது ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு குறியெண். வேறு சிலருடையதில் இரட்டைச்சுழிக் கொம்பு தனி, கால் தனி, ஆக மூன்று. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பழைய தேடலுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆர்டினலுக்கு வேறு வேறு.

அவள் கேட்டதைக் காதில் வாங்கியிருந்தால்? சரி, பழையது மட்டும் ஒழுங்காக இருந்ததா என்ன? கிடைத்த இடத்திலிருந்து, தேடிய சொல்லின் நீளத்துக்கு மஞ்சள் பூசுவோம். தேடிய 'கோப்பு' 6 குறியெண், ஆவணத்தில் இருப்பது 7 என்றால், கடைசி உகரக் குறி மட்டும் மஞ்சளுக்கு வெளியே நிற்கும். பொருந்திய நீளத்தையும் சேர்த்துத் தரும் இண்டெக்ஸ்ஆஃப் அதே டாட்நெட் 5-இல்தான் வந்தது. ஆகவே என் மாற்றம் ஒரு பிழையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தது, அவ்வளவுதான் என்று வாதாடலாம். வாதாடியும் இருக்கிறேன். ஆனால் அந்த மஞ்சள் புகாரும் முன்பு என்னிடம்தான் வந்தது. எழுத்துருக் கோளாறு என்று எழுதி மூடியிருந்தேன்.

சேமிக்கும்போதும் தேடும்போதும் நார்மலைஸ் செய்து இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தது அவள்தான். ஆர்டினலை அப்படியே விட்டுவிட்டாள். அப்படியானால் என் ரூல் சரிதானோ? அவளிடம் கேட்கவில்லை. ரிவ்யூவுக்கு வந்தபோது ஒன்றும் எழுதாமல் அப்ரூவ் மட்டும் கொடுத்தேன்.