காகிதக் கட்டில்

ஆகஸ்ட் 22

இன்று ஆவணி 6, வாஸ்து நாள். பக்கத்து மனைக்காரர்கள் விடியற்காலையிலேயே வந்து பூஜை போட்டுச் செங்கல் வைத்துவிட்டுப் போனார்கள். நம் புது வீட்டுக்கு இன்னும் படமே முடியவில்லை. அடுத்தது ஐப்பசி 11, அதாவது அக்டோபர் 28. நடுவில் புரட்டாசிக்கு வாஸ்து நாள் கிடையாது. 67 நாள் இருக்கிறது. போதும்.

ஆகஸ்ட் 24

40க்கு 60. 2400 சதுர அடி, ஐந்தரை சென்ட். வாங்கின அன்று வெறும் செம்மண் பொட்டலாக நின்றபோது எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது! சுற்றிலும் விட வேண்டியதை விட்டுவிட்டுத் தாளில் கோடு போட்டால் சுருங்கிப் போகிறது. ஊர் வீட்டு முதல் கட்டுக்குள்ளேயே இந்த வீடு மொத்தத்தையும் தூக்கி வைத்துவிடலாம் போலிருக்கிறது.

மகள் கட்டம் போட்ட தாள் வாங்கி வந்தாள். ஒரு கட்டம் ஓர் அடி. பீரோ, சாப்பாட்டு மேசை, அரிசி டிரம் என்று எல்லாவற்றையும் அளவுக்கு வெட்டிக் கொடுத்தாள். ஆத்தா கட்டில் 4க்கு 6½. ஆத்தா கல்யாணத்துக்குச் சீராக வந்த தேக்குக் கட்டில். அதை மட்டும் மஞ்சள் தாளில் வெட்டியிருக்கிறாள், தொலைந்து போகாமல் இருக்க.

ஆகஸ்ட் 25

ராத்திரி மூன்று தடவை எழுப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் பாத்ரூம் வாசலில் வாக்கரை ஒருக்களித்துத்தான் நுழைக்கிறோம்.

ஆகஸ்ட் 29

இன்ஜினியர் தம்பி முதல் படம் கொண்டுவந்தார். நல்ல பிள்ளை, சுறுசுறுப்பு. கிழக்குப் பார்த்த வாசல், உள்ளே நுழைந்ததும் ஹால், அக்கினி மூலையில் அடுப்படி, ஈசானிய மூலையில் சாமி அறை, கன்னி மூலையில் பெரிய படுக்கையறை. மூன்று படுக்கையறை, மூன்று குளியலறை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் ஸ்கேலை எடுத்துக் குளியலறைக் கதவைத்தான் முதலில் பார்த்தேன்.

2½ அடி என்று போட்டிருந்தார். வழக்கமாக அப்படித்தான் சார் போடுவோம் என்றார். 2½ அடி என்பது நிலையின் வெளி அளவு. இரண்டு பக்கமும் மூன்று மூன்று அங்குலம் நிலைக்கட்டை போனால் உள்ளே கிடைப்பது 24 அங்குலம். ஆத்தா வாக்கரின் அகலம் 25. இதை அவரிடம் சொன்னபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் மேல் என்ன தப்பு? இப்போது இருக்கும் வாடகை வீட்டைக் கட்டியவர் மேல் இருக்கிற கோபம் இது. அந்த ஓர் அங்குலத்துக்காகத்தான் தினமும் ஆத்தா கதவோரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார்கள்.

கதவு எல்லாம் 3½ அடி. குளியலறைக்குப் படி கூடாது, தண்ணீர் வெளியே வராமல் தரையில் வாட்டம் கொடுத்தால் போதும். கழிப்பறைப் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி. சக்கர நாற்காலி திரும்ப 5 அடி வட்டம் காலியாக வேண்டும். எழுதிக்கொண்டு போனார்.

செப்டம்பர் 1

மறுபடியும் அளந்தேன். 25தான்.

செப்டம்பர் 3

ஆத்தாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள். இது என்ன, இது என்ன என்று விரலை வைத்துக் கேட்டார்கள். அடுப்படியைக் காட்டினதும், "அடுப்படி வாசலுக்கே வந்திடுச்சா?" என்றார்கள். ஊர் வீட்டில் அது மூன்றாம் கட்டு. வாசலில் நிற்கிறவனுக்கு உள்ளே என்ன கொதிக்கிறது என்று தெரியாது.

அப்புறம் கேட்டார்கள், "முற்றம் எங்கே ராசா?"

இதில் முற்றம் இல்லை ஆத்தா என்றேன்.

"முற்றம் இல்லாத வீட்ல மழை பேயிறது எப்படித் தெரியும்?"

ஆத்தா விழுந்தது முற்றத்தில்தான். பங்குனியில் ஒரு கோடை மழை பெய்த மறுநாள், இருட்டு பிரியும் முன், ஈரப் படியில். அந்த ஊர் வீட்டில் அப்போது தனியாக இருந்தார்கள், தினமும் வருகிறவர் பால்காரர் மட்டும்தான். அவர் ஏழு மணிக்கு வந்து கூப்பிடும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை நான் நினைக்காத நாள் இல்லை. முற்றம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அடிவயிறு பிசைகிறது. அதே இடத்தை அவர்கள் ஆசையாகக் கேட்கிறார்கள்.

ஒன்றும் சொல்லாமல் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 7

அண்ணன் சென்னையிலிருந்து பேசினார். "முற்றத்துக்குப் போற இடத்தில இன்னொரு ரூம் போடலாம்டா. நாளைக்கு நாங்க வந்தா எங்கே படுக்கிறது?" நியாயமான கேள்வி. ஊர் வீட்டில் இந்தக் கேள்வியே வந்ததில்லை. புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு, விசேஷம் என்றால் அத்தனை பேரும் முற்றத்தைச் சுற்றிய வளவில் பாய் விரித்துப் படுப்போம். விரிக்க இடம் இருந்தால் போதும், அண்ணன் வந்து படுக்கலாம். ஹாலை அகலமாக்கலாமா?

செப்டம்பர் 12

கொத்தனாரும் இன்ஜினியரும் ஒன்றாக வந்தார்கள். இன்ஜினியர் போட்ட 10க்கு 12 அறையைக் கொத்தனார் ஒரே பார்வையில் தள்ளிவிட்டார். மனையடி சாஸ்திரத்தில் 12 அடி ஆகாது. 6 ஆகும், 7 ஆகாது, 8 ஆகும், 9 ஆகாது, 10, 11 ஆகும், அதுக்கு மேல் 16-க்குத்தான் போகணும். சுவருக்குச் சுவர் உள்ளளவு. அவர் தாளே பார்க்கவில்லை, வாய்ப்பாடு மாதிரி வருகிறது.

எனக்கு இதில் நம்பிக்கை பாதிதான். ஆனால் ஆத்தாவுக்கு முழுதாக உண்டு. 12 அடி அறையில் அவர்களைப் படுக்க வைத்து, நாளைக்கு ஏதாவது என்றால் அந்த 12தான் என் நெஞ்சில் நிற்கும். 10க்கு 11 என்று மாற்றச் சொன்னேன்.

செப்டம்பர் 13

மஞ்சள் கட்டிலை வைத்துப் பார்த்தேன். கன்னி மூலை அறையில் போட்டால் சுவர்தான் தெரியும். பின்பக்க அறையில் போட்டால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும்.

செப்டம்பர் 21

அமாவாசை. ஊர் வீட்டில் விளக்கேற்றிவிட்டு வந்தேன். போனது விளக்குக்காக மட்டும் இல்லை. டேப்பும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

முன்வாசல் கதவைத் திறந்தால் பின்வாசல்வரை ஒரே நேர்கோடு. முகப்பு ஒரு தெருவில், பின்கதவு அடுத்த தெருவில். வெளியே வெயில் கொளுத்துகிறது, வளவுக்குள் நுழைந்ததும் உடம்பு தணிகிறது. சூடு முற்றத்து வழியாக மேலே போய்விடும், காற்று வாசல் வழியாக உள்ளே வரும். சுவரில் கன்னத்தை வைத்தேன். கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு, நூறு வருஷம் ஆகியும் சில்லென்று வழவழப்பாக இருக்கிறது. கொண்டுவிற்கப் போன பாட்டையா பர்மாவிலிருந்து அனுப்பின தேக்கு, தூண் தூணாக அப்படியே நிற்கிறது. மேங்கூரையில்தான் ஓடு சரிந்திருக்கிறது. இரண்டாம் கட்டுச் சுவரில் ஆலங்கன்று என் கை உயரத்துக்கு வந்துவிட்டது. பிடுங்கினால் சுவரும் சேர்ந்து வரும் என்று விட்டுவிட்டேன்.

பதினோரு புள்ளிக்குச் சொந்தம். பழுது பார்க்கலாம் என்றால் நாலு பேர் சரி என்கிறார்கள், நாலு பேர் வெளிநாட்டில், மூன்று பேர் தூணை விற்றுவிடலாம் என்கிறார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இலேயே யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன. ஆலங்கன்றுக்கு அது தெரியவா போகிறது? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகக் கடைகள், பிரித்த வீடுகளின் நிலைகளும் சன்னல்களும் மஞ்சள் வெயிலில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அந்த வழியாக வண்டியில் போவதை நான் நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. எங்கள் நிலையை அங்கே பார்த்துவிடுவேனோ என்று பயம்.

முற்றத்துப் படி உயரம் 9 அங்குலம். படியின் விளிம்பு தேய்ந்து உருண்டிருக்கிறது. அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். நாலு பக்கத்துக் கூரையும் உள்ளே சரிகிறது. மழை வந்தால் நாலு பக்கமும் தண்ணீர் திரை கட்டும், அப்பத்தா தாழ்வாரத்து நுனியில் அண்டாக்களை வரிசையாக வைப்பார்கள், வேட்டியில் வடிகட்டி அந்தத் தண்ணீரைத்தான் குடிப்போம். ஆத்தா தூணில் சாய்ந்து உட்கார்ந்து எங்களுக்குச் சோறு பிசைந்து உருட்டிக் கொடுத்தது இந்த இடத்தில்.

9 அங்குலம்தான் பிரச்சினை. முற்றம் அல்ல. 9 அங்குலமும் ஈரமும்.

செப்டம்பர் 25

ஆத்தாவுக்குக் காய்ச்சல்.

செப்டம்பர் 26

101. சிறுநீர்த் தொற்று என்கிறார்கள். ஊசி.

செப்டம்பர் 27

காய்ச்சல் வேகத்தில் அப்பச்சியை, என் அப்பாவை, கூப்பிடுகிறார்கள். அப்பச்சி போய்ப் பதினாறு வருஷம்.

செப்டம்பர் 30

இறங்கிவிட்டது. கஞ்சி குடித்தார்கள். "படம் முடிஞ்சுதா?" என்றார்கள்.

அக்டோபர் 2

ராத்திரி ஒரு மணி. தூக்கம் வராமல் தாளை விரித்தேன், வந்துவிட்டது!

இத்தனை நாளும் அறைகளைப் போட்டுவிட்டு, மிச்ச இடத்தில் கட்டிலைத் தேடிக்கொண்டிருந்தேன். இன்று கட்டிலை முதலில் வைத்தேன். வடக்கே தலை வைக்கக் கூடாது. தெற்கே தலை வைத்தால் கண் வடக்கே பார்க்கும். அப்படியென்றால் முற்றம் கட்டிலுக்கு வடக்கே இருக்க வேண்டும். முற்றம் வீட்டுக்கு நடுவில். அதற்கு நேர் தெற்கே ஆத்தா அறை, ஒரு பக்கம் அடுப்படி, ஒரு பக்கம் குளியலறை, அதற்கு அந்தப் பக்கம் எங்கள் அறை. வடக்குச் சுவரில் 5 அடிக்கு இரட்டைக் கதவு. இரண்டையும் திறந்துவிட்டால் தலையணையிலிருந்து வானம்.

முற்றம் 8க்கு 10. இரண்டும் ஆகும் எண். அறையிலிருந்து முற்றத்துக்கு நடுவே 3½ அடி நடைபாதை, ஓரமெல்லாம் கைப்பிடி. படியே கிடையாது, 2 அங்குலச் சரிவு.

மஞ்சள் கட்டிலைப் பசை போட்டு ஒட்டிவிட்டேன்.

அக்டோபர் 4

என் மனைவிக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பயமும் இருக்கிறது. கொசு, திருடன், சாரல். அவள் சொல்வதில் எதையும் தள்ள முடியாது, ராத்திரி ஆத்தாவை எழுப்பிக் கூட்டிப் போவது பாதி நாள் அவள்தான். மேலே கம்பிவலை, அறைக் கதவுக்குக் கொசுவலை. இன்ஜினியர் முற்றத்துக்குக் கண்ணாடி மூடி போடலாமே என்றார். கண்ணாடி போட்டால் மழை தெரியும், உள்ளே விழாது. ஆத்தாவிடம் கேட்டேன். "வாசம் வருமா?" என்றார்கள்.

கண்ணாடி வேண்டாம்.

அக்டோபர் 9

ஆத்தங்குடிக்குப் போனோம். எத்தனை தடவை பார்த்தாலும் நின்று பார்க்க வைக்கிற வேலை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கரண்டியால் ஒவ்வொரு நிறமாக ஊற்றுகிறார்கள், மேலே மணலும் சிமெண்டும் தூவி, அப்புறம் கலவை வைத்து அழுத்துகிறார்கள். காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, கண்ணாடியிலிருந்து பிரிந்து வரும்போதே பளபளப்பு இருக்கும். நடக்க நடக்கக் கூடும். நெருப்பில் சுடுவதே இல்லை.

ஹாலுக்கும் ஆத்தா அறைக்கும் எடுத்தோம். முற்றத்துக்கு எடுக்கவில்லை, ஈரம் பட்டால் வழுக்கும். அங்கே கொத்திவிட்ட கருங்கல். சொரசொரப்பாக இருக்கட்டும், அழகு வேண்டாம்.

அக்டோபர் 13

அனுமதி வந்துவிட்டது. 2500 சதுர அடிக்குள் மனை இருந்தால் சுயசான்று போதும், இணையத்திலேயே முடிந்துவிடுகிறது. 2024-இல் வந்த திட்டமாம். பணம் கட்டின உடனே கையில் தாள். இரண்டு மாதமாக இதற்குத்தான் அதிகம் பயந்துகொண்டிருந்தேன்.

அக்டோபர் 17

மழை. வாடகை வீட்டில் சத்தம் மட்டும் கேட்கிறது.

அக்டோபர் 20

தீபாவளி. ஆத்தாவுக்கு உட்கார்ந்தபடியே எண்ணெய் வைத்தோம். கந்தரப்பம் பாதி சாப்பிட்டார்கள்.

அக்டோபர் 23

கொத்தனார் முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டார். ஆத்தாவைக் காரில் கூட்டிப்போனோம். ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது, ஆஸ்பத்திரி தவிர வேறெங்கும் போய். வெள்ளைக் கோட்டில் வாசல் விட்டிருந்த இடம் வழியாகத்தான் உள்ளே வருவேன் என்று பிடிவாதம். சக்கர நாற்காலியைச் செம்மண்ணில் நானும் கொத்தனாரும் தூக்கிக்கொண்டே போனோம். இது ஹால், இது அடுப்படி, இது உங்க அறை. கட்டில் வருகிற இடத்தில் நாற்காலியை வடக்கே பார்த்து நிறுத்தினேன்.

எதிரில் 8க்கு 10 வெள்ளைக் கட்டம். அதற்குள் நாலு அருகம்புல்.

கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "துளசி மாடம் நடுவுல வேண்டாம், ஓரமா வை. மழையை மறைக்கும்" என்றார்கள்.

அக்டோபர் 25

ராத்திரி பெய்த மழையில் கோடு கரைந்துவிட்டது. முளைக்குச்சி இருக்கிறது. போதும் என்கிறார் கொத்தனார்.

அக்டோபர் 27

நாளை. வாஸ்து புருஷன் விழித்திருக்கும் ஒன்றரை மணி நேரத்தில் கடைசி 36 நிமிடம்தான் நமக்கு, காலை எட்டு மணி வாக்கில். செங்கல், நவதானியம், மஞ்சள், தேங்காய், எல்லாம் கூடையில் இருக்கிறது. அண்ணன் ரயிலேறிவிட்டார்.

படுக்கப் போகும்போது ஆத்தா கூப்பிட்டுச் சொன்னார்கள், "கட்டிலைச் சுவத்தோட ஒட்டிப் போடாதே. ஒரு முழம் தள்ளிப் போடு. அந்தப் பக்கமும் ஒருத்தர் உட்காரணும்ல."

ஒரு முழம் ஒன்றரை அடி. அறை அகலம் 10. கட்டில் 4, முழம் 1½, மிச்சம் 4½. நாற்காலி திரும்ப 5 வேண்டும். அரை அடி இடிக்கிறது.

10-ஐயும் 11-ஐயும் மாற்றிப் போட்டால்? அகலம் 11, மிச்சம் 5½. குளியலறை ஓர் அடி மேற்கே போகும், முற்றத்துப் பக்கம் ஓர் அடி கூடும். கதவு? மஞ்சள் தாள் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. மகளை எழுப்பி வேறு வெட்டித் தரச் சொல்ல வேண்டும். கொத்தனார் ஐந்தரைக்கே வந்துவிடுவார், அதற்குள்