தெரியாது என்று சொன்ன பிறகு

"மேலே போனதுக்கு அப்புறம் அப்படி ஆனாங்களா, இல்ல அப்படி இருந்ததாலதான் மேலே போனாங்களா?"

கால்பந்து அணிக்குப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில், உச்ச ஆட்டக்காரர்களின் குணத்தைப் பற்றி நான் ஓர் ஆய்வைக் காட்டியதும் கோச் கேட்டது இவ்வளவுதான். "அதை இந்த ஆய்வு சொல்லாது, கோச்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மற்ற பையனின் பெயருக்கு நேரே டிக் போட்டார். கூட்டம் அடுத்த இடத்துக்குப் போய்விட்டது.

நான் சொன்னது சரிதான். உளவியல் சோதனை வைக்கும் என் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனாலும் அந்தப் பேச்சு மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதிலோடு.

நடுக்களத்துக்கு ஓர் இடம், அதற்கு இரண்டு பையன்கள். சிந்தனைத் திறன் சோதனைகளில் இருவருமே நன்றாகச் செய்திருந்தார்கள், ஒருவன் அபாரமாக. ஆளுமை வினாத்தாளில் அவனுக்கு 'இணக்கம்', அதாவது மற்றவர்களோடு ஒத்துப்போகும் குணம், மட்டும் அடிமட்டத்தில் இருந்தது. கோச்சின் விரல் நேராக அங்கே போய் நின்றது. "இதைத்தானே மேடம் நானும் சீசன் பூரா சொல்லிட்டிருக்கேன். எதுக்கெடுத்தாலும் எதிர்வாதம்." அதற்குத்தான் நான் 2025 ஆய்வை எடுத்தேன். பிரேசிலிலும் ஸ்வீடனிலும் மேல்மட்டத்தில் ஆடும் 204 பேரையும், அந்த அளவில் ஆடாத 124 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு. ஆட்டக்காரர்களிடம் திட்டமிடலும் நினைவாற்றலும் கூடுதல். பொறுப்புணர்வும் அதிகம், மனப்பதற்றம் குறைவு. இணக்கமும் குறைவு. "குறைவா இருக்கிறது கெட்டதுன்னு எடுத்துக்க வேண்டாம் கோச், உச்சத்தில் இருக்கிறவங்களும் இப்படித்தான்" என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

நல்ல கேள்வி என்பதுதான் சங்கடமே. ஒரே சமயத்தில் எடுத்த அளவை வைத்து எது முந்தி எது பிந்தி என்று சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கானவர்கள் கத்துகிற மைதானத்தில் வருஷக்கணக்காக ஆடுகிறவனுக்கு விட்டுக்கொடுக்கும் குணம் அங்கேயே தேய்ந்து போயிருக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது, அதை அவர் கேட்கவில்லை. அந்த ஆய்வில் சோதனை முடிவுகளை வைத்தே கணினி ஆட்களை 97 சதவீதம் சரியாகப் பிரித்தது என்கிறார்கள். யாரை யாரிடமிருந்து? உச்ச ஆட்டக்காரரை, அந்த அளவில் ஆடாதவரிடமிருந்து. எங்கள் அறைக்கு வந்த பையன்கள் எல்லோரும் ஏற்கெனவே சலித்து எடுக்கப்பட்டவர்கள். சல்லடையில் நின்றதை மறுபடி அதே சல்லடையில் போட்டால் என்ன பிரியப் போகிறது?

இதெல்லாம் தெரிந்தும் ஏன் அந்த ஆய்வை எடுத்தேன்? அவன் பக்கம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று தோன்றியது, கையில் இருந்தது அதுதான். இது நியாயமா என்றால், கோச் 'எதிர்வாதம்' என்று சொன்னதற்கு மட்டும் என்ன ஆதாரம் இருந்தது?

அவன் சோதனை எழுதியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கட்டம் கட்டமாக ஒரு தாள். ஒவ்வொரு கட்டத்திலும் சில புள்ளிகள். நான்கு நேர்கோடுகளால் புள்ளிகளை இணைத்து ஒரு வடிவம் போட வேண்டும், போட்டது திரும்ப வரக்கூடாது, 60 விநாடி. மூன்றாவது சுற்றில் கறுப்புப் புள்ளி, வெற்றுப் புள்ளி என்று மாறி மாறிப் போக வேண்டும். அங்கேதான் நிறையப் பேர் தடுமாறுவார்கள். இவன் ஒவ்வொரு புதுக் கட்டத்துக்கும் முன்னால் பென்சிலைத் தூக்கி, போட்டு முடித்தவற்றை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டான். பந்து காலுக்கு வருமுன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றி நார்வேயின் கெய்ர் யோர்டெட் வருஷக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார். இங்கிலாந்தின் நடுக்கள ஆட்டக்காரர்கள் ஃபிராங்க் லாம்பார்டும் ஸ்டீவன் ஜெரார்டும் அப்படி ஓயாமல் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்று அளந்தே காட்டியவர் அவர். எனக்கு உடனே அதுதான் ஞாபகம் வந்தது. வந்திருக்கக் கூடாதோ என்னவோ. தாளைத் திரும்பிப் பார்ப்பது வெறும் ஜாக்கிரதையாகவும் இருக்கலாமே.

அப்புறம் வினாத்தாள். 'மற்றவர்களோடு அடிக்கடி வாக்குவாதம் வரும்' என்கிற மாதிரி ஒரு வரி. பேனாவை வைத்துவிட்டுக் கேட்டான்: "மேடம், ஆஃப்சைடு லைனை எங்கே பிடிக்கணும்னு கேப்டன் தப்பா சொன்னா, தப்புன்னு சொல்றது வாக்குவாதமா?" கேள்விக்கு நாங்கள் விளக்கம் கொடுக்கக் கூடாது, அது விதி. "உனக்கு என்ன தோணுதோ அதைப் போடு" என்றேன். 'ஆம்' பக்கம் ஓரத்தில் போட்டான். அந்த மாதிரி பதில்கள் சேர்ந்துதான் கோச்சின் விரல் நின்ற இடம்.

விதி நல்லதுக்குத்தான். ஒருவனுக்கு விளக்கி இன்னொருவனுக்கு விளக்காமல் விட்டால் ஒப்பீடே கெட்டுப்போகும். ஆனால் கூட்டத்தில் இதையாவது சொல்லியிருக்கலாமே என்று ஒரு மனசு சொல்கிறது. வினாத்தாளில் எழுதுவது எங்களோடு இருக்கும் என்று பையன்களுக்குச் சொல்லிவிட்டு, தனித்தனிப் பதிலை அறையில் எடுத்து விரிப்பது எப்படி? அதுவும் முடியாது. இந்த வயதில் இணக்கமும் பொறுப்புணர்வும் கொஞ்சம் இறங்கிப் பிறகு ஏறுவது சாதாரணம், அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா இல்லையா என்பது எனக்கே தெளிவாக நினைவில்லை. சொல்லியிருந்தாலும் மற்ற பையனுக்கும் அதே வயதுதானே என்று வந்திருக்கும்.

2012-ல் வந்த ஸ்வீடன் ஆய்வையாவது காட்டியிருக்கலாம் என்பார்கள். அதில் சோதனை முதலில், ஆட்டம் பிறகு. சோதனையில் முந்தியவர்களே அடுத்து வந்த சீசன்களில் கோலும் அசிஸ்டும் அதிகம் சேர்த்தார்கள். ஆனால் அது ஏற்கெனவே லீகில் ஆடும் பெரியவர்களைப் பற்றியது. ஜெர்மனியில் கால்பந்து அகாடமிப் பையன்களை வைத்து 2020-ல் செய்ததைப் பார்த்தால், இந்தச் சிந்தனைத் திறன்கள் பெரும்பாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் போலவே வயதோடுதான் வளர்கின்றன. ஒன்றைக் காட்டினால் மற்றதையும் காட்ட வேண்டும். கோச்சுக்கு அதற்குப் பொறுமை இருந்திருக்காது என்று எழுத வருகிறது, ஆனால் அது அவர் மேல் பழி போடுவது. பொறுமையாகத்தான் கேட்டார். என்னைவிடக் கூர்மையாகவும் கேட்டார்.

எனக்கு உறுத்துவது வேறு. நான் தெரியாது என்றதும், அது 'வேண்டாம்' என்று ஆகிவிட்டது. அவருடைய கணிப்பை மட்டும் யாரும் முன்பா பின்பா என்று கேட்கவில்லை. பையன் எதிர்த்துப் பேசுவதால் பந்து குறைவாக வருகிறதா, பந்து வராததால் எதிர்த்துப் பேசுகிறானா? நான் கேட்டிருக்கலாம். கேட்டால் அது தொழில் பேச்சாக இருந்திருக்காது, எரிச்சலாக இருந்திருக்கும்.

பின்னால் நட்சத்திரமான ஜேமி வார்டியை 16 வயதில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப் வெளியே அனுப்பியதையும், அவரைப் போலவே பின்னால் பெரிய ஆட்டக்காரரான கிரீஸ்மனை உயரம் போதாது என்று பிரெஞ்சு கிளப்புகள் திருப்பி அனுப்பியதையும் என்னைத் தேற்ற வந்த ஒரு நண்பர் எடுத்தார். அந்த ஆறுதல் எனக்கு ஒட்டவில்லை. திரும்பி வந்தவர்களை மட்டும்தான் நமக்குத் தெரியும். கோச் எடுத்த பையன் நன்றாக ஆடுகிறான், அதையும் சொல்லவேண்டும். தவறவிட்டவனும் எங்கேயோ நன்றாக ஆடலாம். இரண்டும் ஒன்றை ஒன்று பொய்யாக்காது.

அடுத்த தேர்வுக்கான ரிப்போர்ட்டில் ஆளுமைப் பக்கத்தை விட்டுவிட்டேன். பெரியவர்களுக்காக வந்த வினாத்தாள், இந்த வயதுக்கு அதை வைத்துத் தேர்வு செய்வது சரியல்ல என்று குறிப்பில் எழுதினேன். அது உண்மையான காரணம்தான், போன தடவையும் உண்மையாகத்தான் இருந்தது. நேற்று கோச் போன் பண்ணினார். "மேடம், அந்த ரெண்டாவது பக்கம் வரலையே? அதுதான் எனக்குப் புரியற பக்கம்" என்றார். பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்றேன். அனுப்பினால் கூடவே என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.